தைக்காத மெசின்

ஜீவராணியைப் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளை வீட்டில் தையல் மெசின் இருக்கிறது என்று சொல்லித்தான் கேட்டார்கள். அவள் அப்போது கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பகலில் பால் வெட்டிக்கொண்டு, அந்தியில் கன்னியாஸ்திரிகளிடம் தையல் பழகிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று விசாரிக்கவில்லை. மெசின் கை மெசினா கால் மெசினா என்றுதான் விசாரித்தாள். கை மெசின் என்றார்கள். சரியென்று கழுத்தை நீட்டினாள்.

பெல்மதுளைக்கு மேலே மூங்கில்தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு வாழவந்த மறுநாள், ஆசையாகப் போய் அந்த மூடியைத் தூக்கிப் பார்த்தாள். வளைந்த மரமூடி, மேலே தூக்குப்பிடி, பக்கத்தில் சுற்றுகிற கைப்பிடி, எல்லாம் தையல் மெசினுக்கு உண்டான லட்சணம்தான். உள்ளே ஊசி இல்லை. ஊசி போகிற ஓட்டையும் இல்லை. ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் இளைத்த ஓர் உருளை, அதன் பின்னால் மயிரிழை மரை ஓடிய ஒரு தண்டு, அவ்வளவுதான் இருந்தது.

"இதில எப்பிடிங்க தைக்கிறது?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் சாமான் கொறையுது" என்றான் மூக்கையா.

அந்தக் கொஞ்சம் சாமான், மகன் அஜந்தன் பிறந்து வளர்ந்து கொழும்பில் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போகும்வரை குறைந்தபடியே இருந்தது. உருளை நூல்கண்டு மாட்டுவதற்காக இருக்கும் என்று அவளே ஒரு விளக்கம் வைத்திருந்தாள். கணவனோடு சண்டை வரும்போதெல்லாம், அடுப்பு புகைந்ததில் தொடங்கினாலும் தையல் மெசினில்தான் போய் முடியும். மூக்கையா வாயில்லாப் பூச்சி. தேயிலை ஆலையான ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலருக்குப் பக்கத்தில் நின்று நின்று, எந்த இரைச்சலையும் காதில் வாங்காமலிருக்கப் பழகியிருந்தான்.

தோட்டங்களைக் கம்பெனிகள் எடுத்து ஐந்தாறு வருசம் ஆகியிருந்தது. வடக்கில் சண்டை மும்முரமாக நடந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெல்மதுளையில் ரேடியோவும் மணிக்கூடும் திருத்துகிற நிலாம், லயத்தில் பழுதான ரேடியோக்களைப் பார்க்க மலையேறி வந்தார். மழை பிடித்துக்கொண்டது. ஜீவராணியின் லயத்து அறையான காம்பராவுக்குள் ஒதுங்கி, கையிலிருந்த ரேடியோவை அந்த மரமூடியின் மேல் வைத்தார். அவள் பாலில்லாத சாயத்தண்ணியும் ஒரு துண்டு கித்துல் கருப்பட்டியும் கொடுத்தாள்.

"இதென்ன தங்கச்சி, மெசினா?"

"மெசினில்ல நானா, என் தலையெழுத்து. தொறந்து பாருங்க."

நிலாம் திறந்து பார்த்தார். கருப்பட்டியைக் கடிக்க மறந்தார். விரல் நுனியால் உருளையை மெல்லச் சுற்றினார். குனிந்து பெட்டிக்கு அடியில் பார்த்தார்.

"தங்கச்சி, இது தைக்கிற சாமானில்ல. பாடுற சாமான்."

"கிராமபோனா? அதுல தட்டு சுத்துமே. பெரிய கிளாக்கர் வீட்டுல பாத்திருக்கேனே."

"அது தட்டு. இது அதுக்கும் மூத்தது. இந்த உருளையில மெழுகுக் குழாய மாட்டணும். பாட்டு அந்த மெழுகுலதான் கீறிக் கெடக்கும். இந்த மரைத்தண்டு இருக்கே, இது ஊசிய மெல்ல மெல்ல நகத்திக்கிட்டுப் போகும். தட்டுப் பெட்டியில இந்தத் தண்டு வராது. ஊரெல்லாம் நான் பாத்த பெட்டி தட்டுப் பெட்டி. உருளைப் பெட்டி இதுதான் ரெண்டாவது."

"மெழுகுக் குழாயின்னா, மண்ணெறத்துல, உள்ளங்கை நீளத்துக்கு இருக்குமா?" என்றான் மூக்கையா மூலையிலிருந்து.

"ஓம். இருக்கா?"

மூக்கையா தலையைச் சொறிந்தான். "ஒரு பெட்டி நெறைய கெடந்துச்சு. மழைக்குக் கதவு இறுகிப் போனா அதைத்தான் தேய்ப்போம். நல்லா வழுக்கும்."

நிலாம் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை பாட்டைக் கதவில் தேய்த்தார்களோ தெரியாது. டப்பா மூடி இறுகிப்போன ஒரே ஒரு குழாய் மட்டும் பரணில் மிஞ்சியிருந்தது. அதிலும் பூஞ்சணம் பிடித்திருந்தது. இந்த ஊர் ஈரத்தில் மனுசனுக்கே பூஞ்சணம் பிடிக்கும், மெழுகு எந்த மூலை.

என்னென்ன குறைகிறது என்று அவர் சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளே சுருள்வில் அறுந்திருக்கிறது. உருளையைச் சுற்றும் தோல்வார் இல்லை. சத்தத்தைப் பிடிக்கிற சின்ன டப்பியும், அதன் ஊசியும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே குழல் இல்லை.

"குழலுன்னா எப்பிடி இருக்கும்?"

"பித்தளையில இருக்கும். ஊமத்தம்பூவு மாதிரி வாய் விரிஞ்சி, ஒரு முழ நீளத்துக்கு."

ஜீவராணி கணவனைப் பார்த்தாள். மூக்கையா தரையைப் பார்த்தான். அப்படி ஒரு சாமானை அவர்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் கும்பிட்டு வந்தார்கள்.

ஸ்டோருக்குப் பின்னால் அரசமரத்தடியில் ரோதைமுனி இருக்கிறார். ரோதை என்றால் சக்கரம். ஸ்டோரில் சுற்றுகிற அத்தனை சக்கரத்துக்கும் அவர்தான் பொறுப்பு. ரோலருக்குள் கை போகாமல் காப்பவரும் அவர்தான், கோபம் வந்தால் கையை வாங்கிக்கொள்பவரும் அவர்தான். அவருடைய விளக்கு மழைக்கும் காற்றுக்கும் அணையாமலிருக்க, மூன்று கால் இரும்பில் ஒரு பித்தளைக் குழல் வாய் கவிழ்த்துத் தொங்கியது. அதற்கு மாதாமாதம் புளி போட்டு விளக்கியவனே பூசாரி மூக்கையாதான்.

பெட்டி, குழல் இரண்டையும் கொண்டுவந்தவர் மூக்கையாவின் அப்பா சின்னத்தம்பி. துரை பங்களாவில் வாசல்கூட்டியாக இருந்தவர். பங்களாச் சமையலறைக்குள் அவர் கால் வைக்கக்கூடாது, ஆனால் பங்களாக் குப்பை முழுவதையும் அவர்தான் தலையில் சுமந்து பள்ளத்துக் குழியில் கொட்டவேண்டும். அதற்குப் பதிலாகத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குழியில் விழுந்தது வாசல்கூட்டிக்கு. கால் உடைந்த நாற்காலி, எனாமல் போன கோப்பை, துரைமார் காலில் கழற்றி எறிந்த சப்பாத்து என்று லயத்தில் பாதிப் பேரின் வீட்டுச் சாமான் அந்தக் குழியில் முளைத்ததுதான். கடைசி வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டுப் போன அன்று, குழிக்குப் போன சாமான்களில் இந்தப் பெட்டியும் குழலும் கிடந்தன. பெட்டியைத் தையல் மெசின் என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். குழலை என்னவென்று தெரியாமல் முனிக்குக் கொடுத்துவிட்டார்.

நிலாம் சும்மா இருக்கவில்லை. பழஞ்சாமான் வாங்குகிற ஒரு கொழும்பு வியாபாரியிடம் சொன்னார். அவன் காரில் வந்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இப்படியே என்றால் விறகு விலைதான் என்றான். குழலும் சேர்ந்து, பாடவும் பாடினால் என்ன விலை என்று ஜீவராணி கேட்டாள். அவன் கொஞ்சம் தயங்கி ஒரு விலை சொன்னான். அந்த விலைக்குத் தையல் மெசின் என்ன, பெல்மதுளை பஜாரில் தையல் கடையே போடலாம். அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கடைக்கு மேலே தொங்கப்போகும் பலகையில் என்ன நிறத்தில் எழுதுவது என்பதுவரை யோசித்துவிட்டாள். இனிக் கூடை சுமக்கவேண்டாம், அட்டைக்கடி வேண்டாம், அஜந்தனும் கொழும்பை விட்டு வந்துவிடலாம் என்று உள்ளம் துள்ளியது.

ஆனால் வெளியாள் லயத்துக்குள் வருவதென்றால் பங்களாவில் சொல்லிவிட்டுத்தான் வரவேண்டும். வியாபாரியும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான். மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை, பெரிய துரை ஆபீசுக்கு வரச்சொன்னதாக ஜீவராணியிடம் சொன்னார்.

ஆபீசில் தொழிலாளி உள்ளே போவதில்லை. ஜன்னலுக்கு வெளியே நிற்பதுதான் முறை. ஜீவராணி இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து சொட்ட நின்றாள். பக்கத்தில் தோட்டத்துச் சங்கத் தலைவர் யோசப் நின்றார். கம்பெனி போட்ட பெரிய துரை சிங்களவர், தோட்டத்துத் தமிழ் நன்றாகவே பேசுவார்.

"ஜீவராணி, உன்ட வீட்டில பங்களா சாமான் ஒன்னு இருக்குதானே?"

"இல்லீங்க தொரை. எங்க சாமான்தான் இருக்கு."

"பங்களா ஹோல்ல பழைய போட்டோ ஒன்னு இருக்கு. அந்தப் பெட்டி மேசையில இருக்கு. குழலும் இருக்கு. நீ பொய் சொல்ல வேணாம்."

"பொய் சொல்லல தொரை. அதே பெட்டிதான். வெள்ளக்காரத் தொரை குழியில எறிஞ்சாரு, எங்க மாமா எடுத்தாரு. குழியில விழுந்தது வாசக்கூட்டிக்குன்னு அப்பருந்தே வழக்கம்."

"எறிஞ்சதுக்கு சாட்சி யாரு?"

"குழியில கெடந்த குப்பைக்கி யாருங்க சாட்சி வச்சிக்குவா?"

யோசப் அவள் முழங்கையை இடித்தார். துரை சிரிக்கவில்லை.

"தோட்டத்து மண்ணுல கெடக்கிறது எல்லாம் தோட்டத்து சாமான். குழியும் தோட்டத்துக் குழிதான். ஞாயித்துக்கெழம முனி பூசை முடிஞ்சி திங்கக்கெழம காலையில பெட்டி பங்களாவுல இருக்கணும். இல்லாட்டி நான் பொலிசுக்கு சொல்லுவேன், களவுன்னு. உன்ட மகன் கொழும்புலதானே?"

கடைசிக் கேள்வி எதற்கென்று அவளுக்குத் தெரியும். தமிழன் என்பதற்காக அஜந்தனைப் பொலிஸ்காரர்கள் ஏற்கெனவே ஒருமுறை, அடையாள அட்டையைக் காட்டிய பிறகும், பிடித்துக்கொண்டுபோய் உட்காரவைத்துத்தான் விட்டார்கள். வீட்டின்மேல் ஒரு களவுக் கேஸ் விழுந்தால் அடுத்த முறை அவன் வீடு திரும்புவானா என்று சொல்லமுடியாது.

"குடுத்துரு தாயி" என்றார் யோசப், திரும்பி நடக்கும்போது. "ஆண்டவன் புண்ணியத்துல இத்தோட போகட்டும். பெட்டி என்ன, பெட்டி. பிள்ளைதான் முக்கியம்."

"பிள்ளைக்காகத்தான் தலைவரே குடுக்கக்கூடாது. இன்னைக்கிப் பெட்டியக் குடுத்தா நாங்க களவெடுத்தோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி. செத்த மனுசன் தலையில களவுப் பட்டத்தக் கட்டிட்டு நான் எந்த மூஞ்சியோட காலையில பேர் கூப்புடுற பெரட்டுல நிக்கிறது? குப்பை சொமக்கையில எங்களுது, வெலை வந்தோடன அவுங்களுதா?"

"சட்டம் அப்பிடித்தான் தாயி இருக்கு."

"அப்ப சட்டமும் குழியிலதான் கெடக்கணும்."

யோசப் சிலுவை போட்டுக்கொண்டார். இவளிடம் பேசி ஆகாது என்று அவருக்குத் தெரியும்.

திங்களுக்குள் பெட்டியைப் பாடவைத்து, குழலோடு வியாபாரியிடம் தள்ளிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய முதல் திட்டம். சாமான் கையைவிட்டுப் போனபிறகு எந்தப் பொலிஸ் எதைத் தேடும்? மூக்கையா முதல்முறையாக மறுத்தான்.

"கொழலு முனியோடது. கேக்காம தொட மாட்டேன்."

"கேளுங்க. யாரு வேணாமின்னா?"

பூப்போட்டுக் கேட்டான். சிவப்புப் பூ ஒரு இலையில், வெள்ளைப் பூ ஒரு இலையில், இரண்டும் ஒரே மாதிரிப் பொட்டலம். வெள்ளை வந்தால் குழலை எடுத்துக்கொள், சிவப்பு வந்தால் தொடாதே. கற்பூரம் காட்டி, கண்ணை மூடி, ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான். பிரித்தாள். சிவப்பு.

ஜீவராணிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. முனிக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நீயுமா? ஒன் வௌக்குக்கு எண்ணெ ஊத்துனது யாரு? தொரையா? என் மாமன் குடுத்த சாமானு. அதத் திருப்பிக் கேட்டா மனசு வரலியா? பெரிய சாமி நீ. ஒன்கிட்ட போனது திரும்பாது, அப்பிடித்தானே?"

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். முனியிடம் போனது திரும்பாது. அது தோட்டம் முழுவதற்கும் தெரிந்த கதை. முனிக்கு நேர்ந்துவிட்ட சேவலை அறுத்துத் தின்ற காவல்காரனுக்கு என்ன ஆனது என்று சின்னப்பிள்ளையும் சொல்லும். முனியின் பூசையில் முதல் தேங்காயைத் துரைதான் உடைக்கவேண்டும் என்பதும் வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். சிங்களத் துரைமாரும் அதை விட்டதில்லை. ஒரு துரை மறந்த வருசம் ரோலர் பெல்ட் அறுந்து அடித்ததை இன்றும் சொல்வார்கள்.

"கொழலத்தானே எடுக்கக்கூடாதுன்னாரு" என்றாள் மெதுவாக. "பொட்டிய இங்க கொண்டாரக்கூடாதுன்னு சொல்லலியே."

மூக்கையா அவளை நிமிர்ந்து பார்த்தான். "கொண்டாந்தா அப்புறம் விக்க முடியாது புள்ள."

"எனக்குத் தெரியாதா?"

அவன் சிவப்புப் பூவை எடுத்து முனியின் காலடியில் வைத்தான்.

நிலாமுக்கு இதைக் கேட்டுத் தலை சுற்றியது. "இதுக்கா நான் கஷ்டப்படணும்? சும்மா இரும்பாக் கொண்டுவந்து வச்சாலும் முனிட சாமான்தானே?" என்றார்.

"இல்ல நானா. செத்த பொட்டிய வச்சா குப்பையத்தான் கொண்டாந்து வச்சாங்கன்னுவாங்க. பாடணும். வெலை மதிக்கிற சாமானத்தான் வச்சோம்னு தொரைக்கித் தெரியணும்."

நிலாம் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கடையைச் சாத்திவிட்டு வேலையில் இறங்கினார்.

பெட்டியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். தார்போல இறுகியிருந்த பழைய கிரீசு கரைய ஒரு ராத்திரி பிடித்தது. சுருள்வில்லின் அறுந்த நுனியைச் சுட்டு இளக்கி, புதிதாக ஓட்டை போட்டு மாட்டினார். தன் பழைய சப்பாத்தின் நாக்கை வெட்டிச் சீவி வார் செய்தார். பிரைமஸ் அடுப்பின் பித்தளை மூடி சத்தம் பிடிக்கிற டப்பி ஆனது. அதற்குள் போடும் தகட்டுக்கு, மாணிக்கக் குழியில் கழித்துப்போட்ட காக்காப்பொன்னை ஏடு ஏடாகப் பிரித்து எடுத்தார். ஊசிதான் பெரிய வேலை. இரும்பு ஊசி மெழுகை உழுதுவிடும், அதற்கு நீலக்கல் வேண்டும். மற்ற ஊரில் என்றால் அங்கேதான் கதை முடிந்திருக்கும். பெல்மதுளையில் கல்லுக்கா பஞ்சம்? பட்டை தீட்டுகிற கடையில், பால்போல வெளுத்த கெவுட நீலக்கல்லின் விலைபோகாத பொடித் துணுக்கு ஒன்றை வாங்கி, கடுகில் பாதியாக, முனை உருண்டையாகத் தீட்டவைத்தார்.

ஜீவராணி அந்த நாட்களில் வேலைக்குத் தவறவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை ஜாடையாகப் பேசினால், "திங்கக்கெழம வரட்டும் ஐயா" என்று மட்டும் சொன்னாள். அந்தியில் கடைக்குப் போய், கல்லை டப்பியில் ஒட்டும்போது சிம்னி விளக்கைப் பிடித்தாள். மெழுகுக் குழாயின் பூஞ்சணத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தது அவள் கைதான். தேய்த்தால் பாட்டுப் போய்விடும் என்று நிலாம் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை. ஸ்டோர் கழுவி, ரோலருக்கெல்லாம் பட்டையும் குங்குமமும் இட்டிருந்தார்கள். பொங்கல் பானை கொதித்தது, ஆட்டுக்கிடாய் ஒன்று காத்துக்கொண்டிருந்தது. துரையின் ஜீப் வந்தபோது மேளம் நின்றது.

முனியின் காலடியில் பெட்டி இருந்தது. சந்தனம் பூசி, நடுவில் குங்குமப் பொட்டு. குழல் அதே மூன்று கால் இரும்பில்தான் இருந்தது, இடம் மாறவில்லை. முகத்தை மட்டும் ஆட்களைப் பார்க்கத் திருப்பியிருந்தார்கள். சைக்கிள் டியூப் துண்டால் குழலின் மூக்கும் டப்பியும் சேர்ந்திருந்தன. குழலில் செவ்வந்தி மாலை தொங்கியது. விளக்கு ஒரு கண்ணாடிச் சிம்னிக்குள் எரிந்தது.

துரை பார்த்தார். "இது என்ன?"

மூக்கையா வாயைத் திறந்தான். "சாமி மெசின், தொரை."

ஜீவராணி தலையசைக்க, நிலாம் கைப்பிடியைச் சுற்றி விசையைத் தள்ளினார். முதலில் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல் வந்தது. அதற்குள்ளிருந்து பேண்டு வாத்தியம் ஒன்று, தொலைவில் ஊர்வலம் போவதுபோல எழும்பியது. பூஞ்சணம் தின்ற இடத்தில் விக்கியது, மறுபடி எழும்பியது. எவனோ ஒரு வெள்ளைக்காரனின் துக்கடா வாத்தியம்தான். ஆனாலும் ரோலர் வேலைக்காரரெல்லாம் கையைக் கட்டி நின்று கேட்டார்கள். கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குழாய் தீர்ந்து ஊசி நின்றது.

"பங்களா சாமான்" என்றார் துரை. குரல் அவ்வளவாக ஏறவில்லை.

"இருக்கட்டும் தொரை" என்றாள் ஜீவராணி, எல்லோருக்கும் கேட்கும்படி. "நாங்க களவெடுக்கல, மறைக்கவும் இல்ல. நீங்க குடுத்த கெடு நாளைக்கி, நாங்க இன்னைக்கே நடுவுல கொண்டாந்து வச்சிட்டோம். வேணுமின்னா எடுத்துக்கிட்டுப் போங்க. யாரும் தடுக்க மாட்டோம். ஒங்க கையால எடுக்கணும், அவ்வளவுதான்."

துரை ஜீப் சாரதியைப் பார்த்தார். அவன் சிங்கள ஆள், கதிர்காமத்துக்கு வருசம் தவறாமல் போகிறவன். இரண்டு அடி பின்னால் போனான்.

"அனே சேர், மட்ட பே" என்றான். என்னால் ஆகாது என்று தமிழிலும் ஒருமுறை சொன்னான்.

துரையின் கை பக்கத்திலேயே தொங்கியது. நேற்றுவரை துரையின் ஜன்னலுக்கு வெளியே நின்ற சனம், இன்று அவரைச் சுற்றி நின்றது. யாரும் கோபமாகப் பார்க்கவில்லை, அவர் என்ன செய்யப்போகிறார் என்று வேடிக்கைதான் பார்த்தார்கள். மூக்கையா தேங்காயை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான். மஞ்சள் தடவிய தேங்காய். துரை அதை வாங்கினார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு குனிந்து, பெட்டிக்கு முன்னால் கிடந்த கல்லில் உடைத்தார். மேளம் அடித்தது. துரை கையால் படைத்த பூசை அது, இனி அந்தப் பெட்டியைக் கேட்க அவருக்கும் வாய் இல்லை.

சனம் கிடாய்ப் பக்கம் நகர்ந்த பிறகு துரை அவள் அருகில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு இல்லாம பண்ணிட்ட, சரி. இதுட வெல என்னன்னு உனக்குத் தெரியுமா, மோட்டுப் பொம்பள? உனக்கும் இல்லாம போச்சுதானே."

"தெரியும் தொரை" என்றாள் ஜீவராணி. தையல் கடையும், அதன் பலகையும், அஜந்தன் ஊரோடு வந்து சேர்வதும் ஒருகணம் கண்ணில் வந்து போயின. "தெரிஞ்சுதான் வச்சேன்."

வாழையிலைத் துண்டில் ஒரு கரண்டிப் பொங்கல் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. இதுதான் ஒங்க பங்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்ததால், துரை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.